பழைய நெகட்டிவ்களைக் கேமராவால் மீட்பது எப்படி?

அறிவியல் கழகக் கூட்டம் முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். நான்காம் படிவ மாணவி ஒருவர் துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து ஆய்வுக்கூட மேசைமேல் வைத்தார்.

"சார், இது தாத்தாவோட டின். அப்பா தூக்கிப் போடப் போனாரு, நான்தான் வாங்கி வெச்சேன். திறந்தா புளிச்ச வாடை அடிக்குது."

திறந்தேன். காடி போத்தலை மூக்கருகே பிடித்ததுபோல் இருந்தது. உள்ளே கறுப்பு வெள்ளை நெகட்டிவ் துண்டுகள் ஒரு கட்டு, ஆரஞ்சு நிற வண்ண நெகட்டிவ்கள் கொஞ்சம், அட்டைச் சட்டமிட்ட ஸ்லைடுகள் பத்துப் பன்னிரண்டு. அவருடைய தாத்தா 1970களில் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கேமராவால் தோட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டே இருந்தாராம். அச்சிட்ட படங்கள் ஒரு வெள்ளத்தில் போய்விட்டன. தாத்தா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தோட்டமும் இன்று இல்லை. அங்கே வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. அப்படியென்றால் அந்த டின்னில் இருப்பதுதான் எஞ்சியிருக்கும் ஒரே பிரதி.

மாணவிக்கு அதில் ஒரு படம் குறிப்பாக வேண்டும். தாத்தாவின் அம்மா, அதாவது அவருக்குக் கொள்ளுப்பாட்டி, பால் வெட்டுக்குப் போகும் கோலத்தில் நிற்கும் படம். தாத்தா அதை எடுத்தார். ஆனால் படக்கடையில் "படம் விழவில்லை" என்று சொல்லி அச்சிடாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் கொள்ளுப்பாட்டிக்கு வேறு படமே குடும்பத்தில் கிடையாது.

டின்னில் தேடிக் கண்டுபிடித்தோம். ஏறக்குறைய வெறும் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது அந்த நெகட்டிவ். அதிலிருந்து ஏதாவது கிடைக்குமா? இந்த வாரப் பாடம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான். நீங்கள் படிக்கும் லென்ஸ் சூத்திரம், ஒளியின் விளிம்பு விலகல், வேதியியல் எல்லாமே இதற்குள் வருகின்றன.

பிலிமுக்குள் என்ன இருக்கிறது?

பிலிம் என்பது இரண்டு முக்கிய அடுக்குகள். ஒன்று, வளையக்கூடிய தெளிவான அடித்தகடு. மற்றொன்று, அதன்மேல் பூசப்பட்ட ஜெலட்டின் அடுக்கு. ஜெலட்டினுக்குள் வெள்ளி புரோமைடு போன்ற வெள்ளி உப்புகளின் நுண் படிகங்கள் சிதறிக் கிடக்கும். ஒளி பட்ட படிகங்கள், கழுவும்போது கறுத்த வெள்ளித் துகள்களாக மாறும். படாதவை கரைந்து வெளியேறும். எனவே வானம் கறுப்பாகவும் நிழல் தெளிவாகவும் தெரியும். அதுதான் நெகட்டிவ். ஒளி மிகக் குறைவாக விழுந்தால் வெள்ளியும் மிகக் குறைவாகவே உண்டாகும். நம் கொள்ளுப்பாட்டி படத்தின் நிலை அதுதான்.

காடி வாடை எங்கிருந்து வருகிறது? அந்தக் காலத்துப் பிலிம்களில் பலவற்றின் அடித்தகடு செல்லுலோஸ் அசிட்டேட்டால் ஆனது. அது ஈரத்தோடு வினைபுரிந்து சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது. காடியில் இருப்பதும் அதே அமிலம்தான். இங்கே ஒரு கொடுமை உண்டு: வெளிவந்த அமிலமே மேலும் சிதைவை விரைவுபடுத்தும். தான் உண்டாக்கிய பொருளே தன்னைத் தூண்டிவிடும் வினை இது. மூடிய டின்னுக்குள் அமிலம் வெளியேற வழியில்லை. வெப்பமும் ஈரப்பதமும் நம் நாட்டில் குறைவில்லாமல் கிடைக்கின்றன. நாளடைவில் அடித்தகடு சுருங்கும், ஜெலட்டின் அடுக்கு சுருக்கம் விழுந்து பிரிந்துவரும். பிறகு மீட்க ஒன்றுமிருக்காது. ஆகவே வாடை வந்த பிலிமை நல்ல பிலிம்களிலிருந்து முதலில் பிரித்து, காகித உறையில் போட்டுக் காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் வையுங்கள். அதையே முதலில் படமெடுங்கள்.

இன்னோர் எதிரி பூஞ்சணம். ஜெலட்டின் என்பது விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் புரதம். பூஞ்சணத்துக்கு நல்ல விருந்து. சிலந்தி வலைபோல் கிளைவிட்டுப் பரவும். இதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு நெகட்டிவ் ஒன்றில் பூஞ்சணத்தைப் பார்த்ததும் ஈரத் துணியால் மெல்லத் துடைத்தேன். பூஞ்சணம் வந்தது, கூடவே என் பாட்டியின் முகமும் துணியோடு வந்துவிட்டது. பூஞ்சணத்தின் நொதிகள் ஜெலட்டினைச் சிதைத்துத் தண்ணீரில் கரையக்கூடியதாக ஆக்கிவிடுகின்றன என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பூஞ்சணம் பிடித்த பிலிமில் தண்ணீர் படவே கூடாது. காற்றுப் பந்தை அழுத்தித் தூசியை ஊதிவிட்டு, இருக்கிற நிலையிலேயே படமெடுத்துவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி போதும். பிலிமை எப்போதும் ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

லென்ஸ் கணக்கு

சாதாரண 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அளவு 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். அதைக் கேமராவின் சென்சார் முழுவதும் நிரப்ப வேண்டும். எங்கள் கழகத்தின் கேமராவில் ஏ.பி.எஸ்-சி வகைச் சென்சார். அகலம் ஏறத்தாழ 23.5 மி.மீ., உயரம் 15.6 மி.மீ. எனவே தேவையான உருப்பெருக்கம் 23.5 ÷ 36, அதாவது 0.65. பெருக்கம் என்று பெயர், ஆனால் உண்மையில் சற்றே சிறிதாக்குகிறோம். சென்சார் 36 மி.மீ. அகலமுள்ள கேமராவாக இருந்தால் உருப்பெருக்கம் சரியாக 1.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கேமராவோடு வரும் லென்ஸை நெகட்டிவுக்கு அருகே கொண்டுபோனால் படம் மங்கிவிடும். அவ்வளவு நெருக்கத்தில் அதனால் குவிக்க முடியாது. மேக்ரோ லென்ஸ் இருந்தால் சிக்கல் தீர்ந்தது. ஆனால் அதன் விலையைக் கேட்டதும் கழகப் பொருளாளர் தலையை ஆட்டிவிட்டார். பிறகு கையில் இருந்த 50 மி.மீ. லென்ஸையே வைத்துக் கணக்குப் போட்டோம்.

நீங்கள் அறிந்த சூத்திரம் இது:

1 ÷ குவியத்தூரம் = 1 ÷ பொருள் தூரம் + 1 ÷ பிம்பத் தூரம்

உருப்பெருக்கம் என்பது பிம்பத் தூரத்தைப் பொருள் தூரத்தால் வகுத்தால் வருவது. இரண்டையும் இணைத்தால், பிம்பத் தூரம் = குவியத்தூரம் × (1 + உருப்பெருக்கம்) என்று கிடைக்கும். நீங்களே ஒருமுறை தாளில் செய்து பாருங்கள், இரண்டு வரிதான்.

தொலைவில் உள்ள பொருளைப் பார்க்கும்போது 50 மி.மீ. லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே 50 மி.மீ. இருந்தால் போதும். 0.65 உருப்பெருக்கம் வேண்டுமென்றால் 50 × 1.65 = 82.5 மி.மீ. வேண்டும். ஆகவே லென்ஸை 32.5 மி.மீ. முன்னே தள்ள வேண்டும். இதற்குத்தான் நீட்டிப்புக் குழாய். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய். உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது. 12, 20, 36 மி.மீ. என மூன்று குழாய்கள் சேர்ந்த தொகுப்பாகப் பரவலாகக் கிடைக்கிறது. 12 உம் 20 உம் சேர்த்தால் 32 மி.மீ. அப்போது உருப்பெருக்கம் 32 ÷ 50 = 0.64. சென்சாரின் அகலத்தை அதனால் வகுத்தால் 36.7 மி.மீ.; உயரத்தை வகுத்தால் 24.4 மி.மீ. பிலிமின் 36 × 24 அதற்குள் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் உட்கார்ந்தது. அவசரப்பட்டு 36 மி.மீ. குழாயை மாட்டியிருந்தால் உருப்பெருக்கம் 0.72 ஆகி, பிலிமின் இரு ஓரங்களும் வெட்டுப்பட்டிருக்கும்.

பொருள் தூரத்தையும் கணக்கிடலாம்: 50 × (1 + 1 ÷ 0.64) = 128 மி.மீ. நிஜ லென்ஸுக்குள் பல கண்ணாடிகள் இருப்பதால் எங்கிருந்து அளப்பது என்ற சிக்கலால் சில மி.மீ. வேறுபடும். குவிப்பு வளையத்தைத் திருப்புவதைவிடக் கேமராவையே முன்னும் பின்னும் நகர்த்திக் குவிப்பது இங்கே எளிது.

இனி பிக்சல். கழகக் கேமரா 2 கோடியே 40 லட்சம் பிக்சல் கொண்டது: 6,000 × 4,000. பிலிமின் 36.7 மி.மீ. அகலத்தை 6,000ஆல் வகுத்தால், ஒரு பிக்சல் பிலிமில் 6.1 மைக்ரோமீட்டர் இடத்தைப் பார்க்கிறது. அடுத்தடுத்த ஒரு கறுப்புக் கோட்டையும் ஒரு வெள்ளைக் கோட்டையும் பிரித்தறிய இரண்டு பிக்சலாவது வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு மி.மீ.க்குள் ஏறத்தாழ 80 கோட்டு இணைகள். கையில் பிடித்து எடுத்த குடும்பப் படத்துக்கு இது தாராளம்.

(கணினி உலகின் முதல் மின்னிலக்கப் படமும் இப்படி ஒரு புகைப்படத்தைப் படியெடுத்ததுதான் என்பது பலருக்குத் தெரியாது. 1957இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அமைப்பில் பணியாற்றிய ரஸ்ஸல் கிர்ஷ், தம் கைக்குழந்தையின் படத்தை வருடியில் ஏற்றினார். அளவு 176 × 176 பிக்சல்.)

லென்ஸின் துளையை எவ்வளவு திறப்பது? மாணவர்கள் பலர் "எவ்வளவு சிறிதோ அவ்வளவு கூர்மை" என்று நினைக்கிறார்கள். பாதி உண்மை. துளையைச் சிறிதாக்கினால் சற்றே வளைந்த பிலிமும் முழுவதும் குவிந்திருக்கும். ஆனால் சிறிய துளை வழியே போகும் ஒளி விளிம்பில் விலகிப் பரவும். ஒரு புள்ளி, புள்ளியாக விழாமல் சிறு வட்டமாக விழும். அந்த வட்டத்தின் விட்டம் = 2.44 × அலைநீளம் × துளை எண். நெருக்கத்தில் எடுக்கும்போது துளை எண்ணை (1 + உருப்பெருக்கம்) ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். பச்சை ஒளிக்கு 0.55 மைக்ரோமீட்டர் என வைத்தால், எஃப்/8இல் வட்டம் ஏறத்தாழ 18 மைக்ரோமீட்டர், எஃப்/22இல் 48. நம் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலமே 3.9 மைக்ரோமீட்டர்தான். எஃப்/22இல் ஒரு புள்ளி பன்னிரண்டு பிக்சல் அகலத்துக்குத் தீட்டுப்பட்டுவிடும். எஃப்/5.6க்கும் எஃப்/8க்கும் இடையே நிற்பதே நல்லது.

மேசைமேல் அமைப்பது

நெகட்டிவின் பின்னால் சீரான வெள்ளை ஒளி வேண்டும். படம் வரையப் பயன்படும் எல்.இ.டி. ஒளிப்பலகை நன்றாக வேலை செய்யும். அது இல்லையென்றால் கைக்கணினியின் திரையை வெள்ளையாக்கி வைக்கலாம், ஆனால் பிலிமை நேரே அதன்மேல் வைத்துவிடாதீர்கள். திரையின் பிக்சல்கள் கட்டம் கட்டமாகப் படத்தில் விழும். பிலிமை நாலைந்து செ.மீ. உயர்த்திப் பிடித்தால் திரை குவியத்துக்கு வெளியே போய்விடும். இடையே பால்நிற அக்ரிலிக் தகடு ஒன்றை வைத்தால் இன்னும் நல்லது. எல்.இ.டி. விளக்குகள் சில கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிபவை. மிக வேகமான ஷட்டரில் படத்தில் பட்டைகள் விழுந்தால் காரணம் அதுதான். ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு போன்ற மெதுவான வேகத்தில் அது சமனாகிவிடும். கேமரா அசையாமல் இருக்க முக்காலியும், பொத்தானை அழுத்திய அதிர்வு அடங்க 2 விநாடித் தாமதமும் தேவை.

பிலிமைப் பிடிக்கக் கறுப்பு அட்டையில் 36 × 24 மி.மீ. சன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். சன்னலைச் சுற்றிலும் ஒளி கசியக் கூடாது. கசிந்தால் அது லென்ஸுக்குள் புகுந்து படத்தை வெளிறச் செய்யும். அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள். பிலிம் வளைந்திருந்தால் கண்ணாடித் தகட்டால் அழுத்தலாம் என்று தோன்றும். செய்து பாருங்கள்: வானவில் நிற வளையங்கள் வரும். கண்ணாடிக்கும் பிலிமுக்கும் இடையே சிக்கிய மெல்லிய காற்றுப் படலத்தில் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வரும் நியூட்டன் வளையங்கள் அவை. பாடத்துக்கு அழகு, படத்துக்குக் கேடு. அட்டையை இரண்டாக மடித்து ஓரங்களை மட்டும் அழுத்துவதே போதும்.

பிலிமும் சென்சாரும் இணையாக இருக்கின்றனவா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒரு தந்திரம் உண்டு. பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் சிறு கண்ணாடி ஒன்றை, முகம் பார்க்கும் கண்ணாடிதான், வைத்துக் கேமரா வழியே பாருங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்ட நடுவில் தெரிந்தால் இரண்டும் இணை. தெரியாவிட்டால் தெரியும்வரை முக்காலியைத் திருத்துங்கள்.

பிலிமின் எந்தப் பக்கம் கேமராவைப் பார்க்க வேண்டும்? பளபளப்பான பக்கம் அடித்தகடு. மங்கலான பக்கம் ஜெலட்டின். படம் ஜெலட்டினில் இருப்பதால் மங்கலான பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டினால் சற்றே கூடுதல் கூர்மை கிடைக்கும். ஆனால் அப்போது படம் இடம் வலமாக மாறிவிடும். கணினியில் திருப்பிக்கொள்ள வேண்டும். பிலிம் ஓரத்தில் உள்ள எண்களும் எழுத்துகளும் நேராகப் படிக்க முடிந்தால் நீங்கள் பளபளப்பான பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள் என்று பொருள். இதை நினைவில் வையுங்கள்.

படத்தை ஜேபெக் கோப்பாக எடுக்காமல், சென்சார் தந்த எண்களை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுங்கள். ஏன் என்பதைக் கொள்ளுப்பாட்டி படமே சொல்லும்.

வெறும் பிலிமா, முகமா?

அந்த நெகட்டிவில் வெள்ளி படியாத ஓரம் ஒளியில் பாதியைக் கடத்தியது என்று வைத்துக்கொள்வோம். ஆள் நிற்கும் இடம் அதைவிட வெறும் 7 விழுக்காடு குறைவாகக் கடத்துகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிநிலைகள் உண்டு. ஓரத்தின் மதிப்பு 12,000 வரும்படி ஒளியை அமைத்தால், ஆள் இருக்கும் இடம் 11,200 என்று வரும். நடுவே 800 படிகள்! அதே காட்சி 256 படிகளே உள்ள ஜேபெக்கில் ஏழெட்டுப் படி வேறுபாடாகச் சுருங்கிவிடும். ஏழு படிகளைக்கொண்டு ஒரு முகத்தை வரைய முடியாது. 800ஐக் கொண்டு முயலலாம்.

முயன்றோம். மாறுபாட்டைக் கூட்டியதும் திரையில் வந்தது ஆள் அல்ல. நடுவில் வெளிச்சமும் ஓரங்களில் இருட்டுமாக ஒரு பெரிய மேகம். காரணம் எங்கள் ஒளிப்பலகை. அதன் ஓரம் நடுப்பகுதியைவிட 10 விழுக்காடு மங்கல். லென்ஸும் தன் பங்குக்கு ஓரங்களை இருட்டாக்கியிருக்கும். வெற்றுப் பிலிம் ஓரத்தில் 10,800 காட்டுகிறது, நடுவில் நிற்கும் ஆளோ 11,200. தேடும் வேறுபாடு 7 விழுக்காடு, விளக்கின் பிழை 10 விழுக்காடு. எப்படிக் கண்டுபிடிப்பது?

இதே சிக்கலைச் சந்தித்தவர்கள் தமிழ்நாட்டில், பழனி மலைத்தொடரில் இருக்கிறார்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் தொடங்கப்பட்டது. 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை அங்கேதான் கண்டுபிடித்தார். அது இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கப்படுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, வானம் தெளிவாக இருந்த நாளெல்லாம் அங்கே சூரியனைக் கண்ணாடித் தகட்டிலும் பிலிமிலும் படம் பிடித்துவந்தார்கள். நூறாண்டுச் சூரியன்; ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும் சூரியப் புள்ளிகளின் ஒன்பது பத்துச் சுழற்சிகள். போன நூற்றாண்டுச் சூரியனை இனி யாரும் மீண்டும் படம் எடுக்க முடியாது. தகடுகள் பழையனவாகிக்கொண்டிருந்தன.

இந்திய வானியற்பியல் நிறுவனத்தினர் அவற்றை மின்னிலக்கமாக்கியது, நாம் மேசைமேல் செய்யும் அதே முறையில்தான்: பின்னால் ஒளி, நடுவில் தகடு, முன்னால் கேமரா. அவர்களின் கேமராவில் 4,096 × 4,096 பிக்சல்; ஒவ்வொரு பிக்சலுக்கும் 16 பிட், அதாவது 65,536 படிநிலைகள். ஒளிக்கு அவர்கள் பயன்படுத்தியது உட்புறம் முழுவதும் வெள்ளை பூசிய பெரிய வெற்றுக் கோளம். உள்ளே விட்ட ஒளி சுவரில் பலமுறை பட்டுச் சிதறி, எந்தப் பக்கத்துக்கும் சார்பில்லாமல் துவாரம் வழியே சீராக வெளியே வரும். எங்கள் மாணவர் ஒருவர் மீன் கடையில் கிடைத்த வெள்ளை பாலிஸ்டைரின் பெட்டியை வைத்து அதைப் போலச் செய்தார். ஒளி உண்மையிலேயே சீரானது. ஆய்வுக்கூடத்தில் இரண்டு நாள் மீன் நாற்றம்.

எந்த விளக்கும் முற்றிலும் சீராக இராது. எனவே வானியலாளர்கள் இன்னொன்றும் செய்வார்கள். பொருள் எதுவும் இல்லாமல் வெற்று ஒளியை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதனால் உண்மைப் படத்தைப் பிக்சல் பிக்சலாக வகுப்பார்கள். நாங்களும் பிலிமை எடுத்துவிட்டு வெற்று ஒளியைப் படமெடுத்தோம். துளையையும் குவிப்பையும் தொடவில்லை. பிலிம் பாதி ஒளியை விழுங்கியதால், ஷட்டர் நேரத்தை மட்டும் பாதியாக்கினோம். இப்போது வெற்றுப் படத்தில் நடுப்பகுதி 12,000, ஓரம் 10,800. வகுத்துப் பாருங்கள். பிலிமின் தெளிவான பகுதி நடுவில் 12,000 ÷ 12,000 = 1. ஓரத்தில் 10,800 ÷ 10,800 = 1. ஆள் நிற்கும் இடம் 11,200 ÷ 12,000 = 0.93. விளக்கின் பிழை இரண்டு படங்களிலும் ஒரே விகிதத்தில் இருப்பதால் வகுத்தலில் அடிபட்டுப் போகிறது. பிலிமில் உள்ளது மட்டும் மிஞ்சுகிறது. இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் இந்த வகுத்தலைச் செய்யலாம். ரா கோப்பின் மூல எண்களின்மேல், மற்ற எந்தத் திருத்தத்துக்கும் முன்பாகச் செய்ய வேண்டும் என்பது முக்கியம்.

தலைகீழாக்குவது கழித்தலா, வகுத்தலா?

நெகட்டிவைப் பாசிட்டிவாக்க, பல செயலிகள் 255இலிருந்து கழித்துவிடுகின்றன. முகம் சாம்பல் பூசியதுபோல் தெரியும். ஏன்? ஒரு காட்சியில் நான்கு இடங்களின் வெளிச்சம் 1, 2, 4, 8 என இரட்டித்துக்கொண்டே போகிறது என்க. ஒவ்வோர் இரட்டிப்புக்கும் பிலிம் ஒரே விகிதத்தில் கறுக்கும். கடத்தும் ஒளி 100, 63, 40, 25 என்பதுபோல் இறங்கும். 100இலிருந்து கழித்தால் 0, 37, 60, 75. இரட்டிப்பு எங்கே போயிற்று? இடைவெளி 37, 23, 15 எனத் தேய்கிறது. வெளிச்சமான பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கழிப்பதற்குப் பதில் தலைகீழ் எண் எடுங்கள்: 100ஐ ஒவ்வொன்றாலும் வகுத்தால் 1, 1.59, 2.5, 4. இப்போது ஒவ்வொரு படியும் முந்தையதைப்போல் 1.59 மடங்கு. இதை 1.5 அடுக்குக்கு உயர்த்தினால் 1, 2, 4, 8 என்று மூலக் காட்சியே திரும்பி வருகிறது. கணிப்பொறியில் சரிபாருங்கள். பிலிமுக்குப் பிலிம் அந்த 1.5 சற்று மாறும், வழிமுறை மாறாது. டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் நெகாடாக்டர் எனும் பகுதி நெகட்டிவ்களைத் திருப்புவதற்கென்றே உள்ளது.

வண்ண நெகட்டிவில் கூடுதலாக ஓர் ஆரஞ்சு நிறம். அது கறையும் இல்லை, பழசானதால் வந்ததும் இல்லை, வேண்டுமென்றே வைத்தது. வண்ணப் பிலிமில் மஞ்சள், மெஜந்தா, சியான் எனச் சாயங்கள் உண்டாகின்றன. சியான் சிவப்பை மட்டும் தடுக்க வேண்டும், ஆனால் பச்சையிலும் நீலத்திலும் கொஞ்சம் கை வைக்கும். மெஜந்தாவும் பச்சையோடு நிற்காமல் நீலத்தைச் சற்றுத் தடுக்கும். இந்தப் பிசகு இடத்துக்கு இடம் மாறுவதால் நீக்குவது கடினம். அதனால் சாயமாக மாறும் வேதிப்பொருளுக்கே முன்கூட்டி நிறம் கொடுத்தார்கள். சாயம் உண்டாகும் இடத்தில் அந்த முன்நிறம் மறையும்; உண்டாகாத இடத்தில் தங்கும். இரண்டையும் கூட்டினால் பிசகு எங்கும் ஒரே அளவு. எங்கும் ஒரே அளவான பிழையை ஒரே வகுத்தலில் நீக்கலாம், நம் ஒளிப்பலகைக் கணக்கைப் போலவே. பிலிமின் படம் விழாத ஆரஞ்சு ஓரத்தை அளந்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே அதன் மதிப்பால் வகுங்கள். பிறகு தலைகீழாக்குங்கள்.

ஸ்லைடுகளுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. அவை ஏற்கெனவே பாசிட்டிவ். ஆனால் இருண்ட பகுதிகள் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கே கடத்தக்கூடும் என்பதால், நீண்ட ஷட்டரில் இன்னொரு படமும் எடுத்து வைப்பது நல்லது. தூசியைப் பொறுத்தவரை, சில வருடிகள் அகச்சிவப்புக் கதிரால் அதைத் தானே கண்டுபிடித்து நீக்கும். வண்ணச் சாயங்கள் அகச்சிவப்பைக் கடத்திவிடும், தூசி தடுத்துவிடும் என்பதே அதன் சூட்சுமம். கறுப்பு வெள்ளைப் பிலிமில் உள்ள வெள்ளியும் அகச்சிவப்பைத் தடுப்பதால் அங்கே அது பலிக்காது. நம் கேமராவில் எதற்குமே பலிக்காது. காற்றுப் பந்துதான் கதி.

டின்னில் இருந்த எல்லாவற்றையும் எடுத்து முடிக்க மூன்று சனிக்கிழமைகள் ஆயின. கொள்ளுப்பாட்டி படத்தில், வகுத்து, திருப்பி, மாறுபாட்டைக் கூட்டியபின், துகள் துகளாக ஓர் உருவம் எழுந்துவந்தது. தலையில் துண்டு கட்டிய பெண். கையில் வாளி. பின்னால் கோவில் கோபுரத்தின் ஓரம். முகம் தெளிவில்லை, நிற்கும் தோரணை மட்டும் நன்றாகத் தெரிந்தது. மாணவி அதைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு, சுங்கை சிப்புட்டில் இருக்கும் தாத்தாவின் தங்கையிடம் காட்டப் போனார்.

திங்கட்கிழமை வந்து சொன்னார். "சார், அத்தைப் பாட்டி பார்த்ததும் 'எங்கம்மாதான்'னு சொல்லிட்டாங்க. ஆனா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, 'கோவில் எப்படி இந்தப் பக்கம் வந்துச்சு? லயத்துலேருந்து பார்த்தா இடக்கைப் பக்கம்ல இருக்கும்'னு கேட்டாங்க."

நெகட்டிவை மீண்டும் எடுத்து, பளபளப்பான பக்கம் மேலிருக்க, ஓரத்தைப் பார்த்தோம். 17 என்ற எண் நேராகத் தெரிந்தது. கோபுரம் இடப்பக்கம் இருந்தது. மங்கலான பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டி எடுத்துவிட்டு, அந்த ஒரு கோப்பை மட்டும் இடம் வலமாகத் திருப்ப மறந்திருந்தோம்.